தூண்டல் இனப்பெருக்க வரலாற்றில் கெளுத்தி மீன்கள்: உடுமலைப்பேட்டை நீர்நிலைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஹார்மோன் ஊசியால் மீன்களைச் சினையிடச் செய்யும் முறை இந்தியாவில் 1950களின் நடுப்பகுதியில் உருப்பெற்றது. அதன் முதல் வெற்றிகளுள் கெளுத்தி இன மீன்களுக்கு முக்கிய இடம் உண்டு. ஆயினும் அம்முறையின் பயன் முழுவதும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டைகளுக்கே சென்றது. நாட்டுக் கெளுத்திகள் ஆய்வகத்தில் புகழ்பெற்றும் குளத்தில் களையெனக் கருதப்பட்டும் வந்தன. அவை விட்ட சந்தை இடத்தை, அதே ஹார்மோன் முறையால் பெருக்கப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி பின்னர் நிரப்பியது. ஊசி எந்த மீனுக்குச் செல்ல வேண்டும் என்பதை உயிரியலைக் காட்டிலும் மீன்குஞ்சுப் பண்ணைகளின் தேவையும் குளக் கணக்குமே தீர்மானித்தன என்பதை உடுமலைப்பேட்டை வட்டார அணைகளையும் குளங்களையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: தூண்டல் இனப்பெருக்கம், பிட்யூட்டரி, தேளி, மசறை, ஆப்பிரிக்கக் கெளுத்தி, அமராவதி, திருமூர்த்தி, ஏழு குளங்கள்.

முன்னுரை

உடுமலைப்பேட்டை வட்டாரத்தின் நீர்நிலைகளை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த அணைகள். காவிரியின் கிளையாறான அமராவதியின் குறுக்கே 1950களின் பிற்பகுதியில் எழுந்த அமராவதி அணையும், பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் அமைந்த திருமூர்த்தி அணையும் இவ்வகையின. சர்க்கார்பதியிலிருந்து மலையடிவாரத்தைச் சுற்றி 49 கிலோமீட்டர் வரும் காண்டூர் கால்வாய் திருமூர்த்திக்கு நீர் தருகிறது. மற்றொன்று, அணைகளுக்கு நெடுங்காலம் முந்தைய குளங்கள். தளி வாய்க்காலால் நீர் பெறும் பெரியகுளம், செங்குளம், ஒட்டுக்குளம் முதலிய ஏழு குளத் தொகுப்பு இதற்குச் சான்று.

அணை ஆழமானது, ஆண்டு முழுதும் ஓரளவேனும் நீர் நிற்கும். குளம் ஆழமற்றது, கோடையில் சேறாகும். இவ்விரண்டிலும் வாழத்தக்க மீன்கள் வேறு வேறு. ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளில் இரண்டிலும் விடப்பட்ட குஞ்சுகள் பெரும்பாலும் ஒரே வகையினவாக இருந்தன. இவ்வொருமைக்குக் காரணம் நீரில் இல்லை; குஞ்சு உற்பத்தியின் வரலாற்றில் உள்ளது.

தமிழர் அறிந்த கெளுத்திகள்

செதிலின்றி, மீசை போன்ற உணர்இழைகளுடன், அடித்தளத்தில் இரை தேடும் மீன்களைத் தமிழ் கெளிறு, கெளுத்தி எனப் பொதுவாகவும், வாளை, தேளி, மசறை எனச் சிறப்பாகவும் பெயரிட்டு வழங்கியுள்ளது. இவற்றுள் சங்க இலக்கிய மருதப் பாடல்களில் மிகுதியாக இடம்பெறும் வாளை, பெரிய உருவமும் பிற மீன்களை விழுங்கும் இயல்பும் உடையது. இக்கட்டுரைக்கு முதன்மையானவை தேளியும் மசறையும். இரண்டும் காற்றைச் சுவாசிக்க வல்லவை. தேளியின் முதுகுத் தசைக்குள் செவுளறையிலிருந்து வால் நோக்கி நீளும் இரு காற்றுப் பைகள் உள்ளன. மசறையின் செவுளறைக்குள் மரக்கிளை போன்ற துணை உறுப்பு உள்ளது. ஆகவே உயிர்வளி குன்றிய சேற்றுக் குளத்திலும், ஈரச் சாக்கிலும் இவை நெடுநேரம் உயிருடன் இருக்கும். தேளியின் மார்புத் துடுப்பு முள் நஞ்சுடையது. குளத்தில் கைவிட்டுத் துழாவுவோர் அதன் பெயர்ப் பொருத்தத்தை எளிதில் மறப்பதில்லை.

தேளி அறிவியல் உலகிற்கு அறிமுகமானதும் தமிழகக் கரையிலிருந்துதான். செருமானிய இயற்கையியலாளர் பிளாக் 1794-இல் இம்மீனை விவரித்தபோது, அதன் மூல இடமாகக் குறித்தது தரங்கம்பாடி. அங்கிருந்த மறைப்பணியாளர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் அனுப்பிய மீன் மாதிரிகள் பிளாக்கின் நூல்களுக்கு வளம் சேர்த்தன. இன்று இம்மீனின் அறிவியல் பெயர் ஹெட்டெரோநியூஸ்டெஸ் ஃபாசிலிஸ்.

மசறையின் நிலை சற்றுச் சிக்கலானது. இந்திய ஆய்வுகள் நெடுங்காலம் அதைக் கிளாரியஸ் பெட்ராகஸ் என்றே எழுதின. அப்பெயர் சாவகத் தீவின் மீனுக்கே உரியது என்று இங்கும் கோட்டலாட்டும் 2008-இல் நிறுவிய பின், வட, கிழக்கு இந்திய மீன் கிளாரியஸ் மாகுர் எனப்பட்டது. தென்னிந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த ஆறுகளுக்கு உரியது கிளாரியஸ் டுசுமேரி. பழைய ஆய்வுக் கட்டுரைகளில் பெட்ராகஸ் என்ற பெயரைக் காணும் ஆய்வாளர் அது எந்த ஊர் மீன் என்பதை ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

பூட்டிய சினை

ஆற்று மீன்களைக் குளத்தில் அடைத்து வளர்த்தால் அவை கொழுக்கும், சினையும் கொள்ளும். ஆனால் சினையிடுவதில்லை. முட்டைகள் கருவுணவு நிரம்பி முதிர்நிலையின் வாயிலில் நின்றுவிடுகின்றன. புதுவெள்ளம், மழை, நீரோட்டம், வெப்பநிலை மாற்றம் ஆகியவை மூளைக்குத் தரும் அறிகுறி கிடைக்காத நிலையில், இறுதி முதிர்ச்சிக்கு வேண்டிய ஹார்மோனைப் பிட்யூட்டரி சுரப்பி போதிய அளவில் வெளிவிடுவதில்லை. பருவம் கழிந்ததும் அம்முட்டைகள் கரைந்து உடலால் உறிஞ்சப்படுகின்றன.

வெள்ளம் செய்ய வேண்டியதைச் சுரப்பியின் சாறு செய்யுமா என்ற வினாவை முதலில் எழுப்பியவர்கள் தென்னமெரிக்கர். அர்சென்டினாவின் ஹௌஸே 1930-இல் மீன் பிட்யூட்டரியைச் சிறு மீன்களுக்குச் செலுத்திச் சோதித்தார். பிரேசிலில் வான் இஹெரிங் 1930களின் நடுவில் அதை மீன்வளர்ப்புக்கு உரிய முறையாக்கினார். அதே காலத்தில் சோவியத் நாட்டில் கெர்பில்ஸ்கி ஸ்டர்ஜியன் மீன்களில் இவ்வழியே சென்றார். இந்தியாவில் ஹமீத் கான் 1938-இல் பாலூட்டிகளின் பிட்யூட்டரிச் சாற்றை மிர்கால் மீனுக்குச் செலுத்திப் பார்த்தார். அம்முயற்சி நடைமுறை முறையாக வளரவில்லை.

தொடர்ந்த வெற்றிகள் 1955-இல் தொடங்கின. ஹிராலால் சௌதுரி கட்லாவின் பிட்யூட்டரியைக் கொண்டு எசோமஸ் டான்ரிகஸ் என்ற சிறு கெண்டையைச் சினையிடச் செய்தார். சூடியூட்ரோபியஸ் அத்தெரினாய்டஸ் என்ற சிறு கெளுத்தியினத்திலும் அவர் முயற்சி பலித்தது. 1956-இல் எல்.எஸ். ராமசாமியும் பி.ஐ. சுந்தரராஜும் பிட்யூட்டரி ஊசியால் தேளியைச் சினையிடச் செய்த செய்தியைச் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு கிளாரியஸ் மீனிலும் அதை நிகழ்த்திக் காட்டினர். பெருங்கெண்டைகளில் எவரும் இன்னும் வெற்றி காணாத நாட்கள் அவை.

இவ்வரிசையை வலியுறுத்தக் காரணம் உண்டு. இந்தியத் தூண்டல் இனப்பெருக்க வரலாறு எழுதப்படும்போது அது வழக்கமாக 1957 சூலை 10-இல் தொடங்கும். ஒடிசாவின் அங்குல் என்னும் ஊரில் சௌதுரியும் கே.எச். அலிகுஞ்ஞியும் பெருங்கெண்டைகளை ஊசியால் சினையிடச் செய்த நாள் அது. தேசிய மீன் வளர்ப்போர் நாளாக இன்றும் கொண்டாடப்படுவதும் அந்நாளே. அதன் சிறப்பில் ஐயமில்லை. ஆனால் அத்தொடக்கத்தை ஏற்றுக்கொண்டால் அதற்கு முன் நின்ற கெளுத்திகள் வரலாற்றிலிருந்து தாமாகவே நழுவிவிடுகின்றன.

கெண்டையின் காலம்

அங்குல் வெற்றி ஏன் அத்துணை விரைவாகப் பரவியது? விடை, மீன்குஞ்சுக்கு அன்றிருந்த தட்டுப்பாட்டில் உள்ளது. 1950களில் நாட்டின் வளர்ப்புக் குஞ்சுகளில் பெரும்பகுதி கங்கை முதலிய ஆறுகளில் வெள்ளக் காலத்தில் வலையிட்டு எடுக்கப்பட்டது. அவ்வாறு எடுத்த நுண்குஞ்சுகளில் வேண்டிய இனமும் வேண்டாத இனமும் கலந்திருக்கும். வங்கத்திலிருந்து தொலைதூரம் கொண்டு செல்லும் வழியில் இறப்பும் மிகுதி. கட்லா தமிழகத்துக்கு உரிய மீனன்று. கோதாவரி, கிருஷ்ணைப் பகுதிகளிலிருந்து காவிரிக்குக் கொண்டுவரப்பட்டு, 1934-இல் முடிந்த மேட்டூர் நீர்த்தேக்கத்தில் நிலைகொண்டது. சென்னை மாகாண மீன்துறை காவிரிப் படுகையில் வெளியூர்க் கெண்டைகளை விடும் வழக்கத்தை ஊசிக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு இது சான்று. ஊசி வந்ததும் அவ்வழக்கத்துக்கு வற்றாத குஞ்சு கிடைத்தது.

முறை எளிது, பொறுமை வேண்டும். சந்தையில் வெட்டப்படும் முதிர்ந்த மீன்களின் தலையைப் பிளந்து, மூளையின் அடியில் இருக்கும் கடுகளவுச் சுரப்பியை எடுத்துத் தூய ஆல்கஹாலில் இட்டுக் கரும்பாட்டிலில் காப்பர். வேண்டும்போது அரைத்து நீரில் கரைத்துத் தெளிந்த சாற்றை ஊசியில் ஏற்றுவர். பெண் கெண்டைக்கு முதலில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம். சுமார் 6 மணி நேரம் கழித்து 5 முதல் 8 மில்லிகிராம். ஆணுக்கு இரண்டாம் ஊசியின்போது ஒரே தவணை. பின்னர் ஆணையும் பெண்ணையும் துணித் தொட்டியான ஹாப்பாவில் விட்டால் அவையே சினையிட்டுக் கருவுறச் செய்துகொள்ளும். மனிதக் கை அதன்பின் தேவையில்லை. ஒரு கிலோ எடையுள்ள பெண் கெண்டையிலிருந்து ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை எதிர்பார்க்கலாம்.

கெளுத்தியில் இவ்வெளிமை இல்லை. ஊசியிட்ட மசறைப் பெண்ணை 16 முதல் 18 மணி நேரம் கழித்து வயிற்றை அழுத்தி முட்டைகளைப் பிதுக்கி எடுக்க வேண்டும். ஆணின் விந்து பிதுக்கினால் வருவதில்லை. ஆணைக் கொன்று விந்தகத்தை அறுத்தெடுத்துச் சாறாக்கித்தான் முட்டைகளுடன் கலக்க வேண்டும். முட்டைகள் ஒட்டும் தன்மையுடையவை. பூஞ்சை எளிதில் பற்றும். 100 கிராம் எடையுள்ள பெண்ணிடமிருந்து கிடைப்பது சில ஆயிரம் முட்டைகளே. ஒரு தாய்ப்பெண்ணுக்கு ஒரு தந்தையாண் உயிர்விட வேண்டிய தொழிலில், அடுத்த ஆண்டுக்கான தாய்மீன் இருப்பைக் காப்பதே பெருஞ்செலவு. இக்கணக்கின் முன் எந்த அரசுப் பண்ணையும் கெண்டையைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

வியப்புக்குரியது அடுத்த படி. கெண்டைக் குஞ்சுகளை விடுவதற்கு முன் நாற்றங்கால் குளத்தில் உள்ள மீனுண்ணிகளையும் களை மீன்களையும் அழிக்க வேண்டும் என்று வளர்ப்புக் கையேடுகள் அறிவுறுத்தின. அதற்குப் பரிந்துரைக்கப்பட்டது இலுப்பைப் பிண்ணாக்கு; அளவு எக்டேருக்கு 2,000 முதல் 2,500 கிலோ. அதிலுள்ள சப்போனின் மீனின் குருதியணுக்களைச் சிதைக்கும். இரண்டு மூன்று வாரங்களில் நஞ்சு நீங்கிப் பிண்ணாக்கு எருவாகிவிடும். ஒரே செலவில் களையெடுப்பும் உரமிடலும் என்பதால் உழவருக்கு அது பிடித்துப்போனது. அழிக்கப்பட வேண்டிய மீன்களின் பட்டியலில் வாளையும் விராலும் மட்டுமல்ல, தேளியும் மசறையும் இடம்பெற்றன. பிட்யூட்டரி ஊசிக்கு முதலில் கட்டுப்பட்ட மீன்கள், அவ்வூசியால் பெருகிய குஞ்சுகளுக்கு இடம்விட்டுச் சாக வேண்டியவையாக ஒரே தலைமுறையில் மாறின.

அமராவதி, திருமூர்த்தி, ஆழியாறு

அணைகளில் நிலைமை வேறுவகையில் அமைந்தது. நீர்த்தேக்கத்தில் விடப்பட்ட கட்லாவும் ரோகுவும் நன்கு வளரும். ஆனால் தாமே நிலையாக இனம் பெருக்குவது அரிது. ஆகவே ஆண்டுதோறும் விரலிகளை விட்டாக வேண்டும். அணையடிவாரங்களில் மீன்குஞ்சுப் பண்ணைகள் எழுந்ததன் பொருள் இதுவே. தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் 1974-இல் தொடங்கப்பட்ட பின், இவ்வட்டார அணைகளின் மீன்பிடிப்பு அதன் பொறுப்பில் வந்தது.

விரலி விடுதலின் பயன் எண்களில் தெரிந்தது. நடுவண் உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனைப்படி, பெரிய விரலிகளை உரிய அளவில் விட்டுச் சிறுகண் வலைகளைக் கட்டுப்படுத்தியதால் ஆழியாற்றின் விளைச்சல் எக்டேருக்கு 194 கிலோவாகவும், திருமூர்த்தியின் விளைச்சல் 182 கிலோவாகவும் உயர்ந்ததை வி.வி. சுகுணன் 1995-இல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்துக்காக எழுதிய இந்திய நீர்த்தேக்க மீன்வள நூல் பதிவு செய்துள்ளது. இந்திய நீர்த்தேக்கங்கள் பலவும் எக்டேருக்குச் சில பத்துக் கிலோக்களைத் தாண்டாத காலத்தில் இவை பெரிய எண்கள். ஹார்மோன் ஊசி இல்லையேல் இவ்வெண்கள் இல்லை.

அமராவதி இப்பாதையில் முழுதும் செல்லவில்லை. 1952-இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியா தமிழக நீர்நிலைகளில் பரவி, அமராவதி நீர்த்தேக்கத்தில் கோலோச்சியது. உள்ளூரார் ஜிலேபி என அழைக்கும் அம்மீன் ஊசியையோ வெள்ளத்தையோ எதிர்பார்ப்பதில்லை. கரையோர மணலில் குழி பறித்து முட்டையிட்டு, தாய் வாய்க்குள் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். ஓராண்டில் பலமுறை இதைச் செய்யும். ஒரே வட்டாரத்தில், ஊசியால் வாழும் அணையும் ஊசி தேவைப்படாத மீன் ஆளும் அணையும் அடுத்தடுத்து அமைந்தது ஆய்வாளர்களுக்குக் கிடைத்த அரிய ஒப்பீடு. பிற்காலத்தில் திலேப்பியாவுக்கும் ஹார்மோன் வந்து சேர்ந்தது. ஆனால் சினையிடச் செய்ய அன்று, அளவுக்கு மீறிச் சினையிடுவதைத் தடுக்க. குஞ்சுப் பருவத்தில் ஆண்மை ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கும் முறை அது.

இந்த ஒப்பீட்டில் கெளுத்திக்கு இடமில்லாமற்போனது தற்செயலன்று. நீர்த்தேக்க மேலாண்மையின் சொல்லாட்சியில் வாளை முதலிய பெருங்கெளுத்திகள் ‘இரைகொல்லிகள்’. விரலிகளைத் தின்று அரசின் முதலீட்டை விழுங்குபவை. பிடித்துக் குறைக்க வேண்டியவை என்பதற்கு மேல் அவற்றைப் பற்றிய சிந்தனை செல்லவில்லை.

ஆய்வகத்தில் தேளி

குளத்தில் களையாக எண்ணப்பட்ட அதே ஆண்டுகளில் தேளி இந்திய உயிரியல் ஆய்வகங்களின் செல்லப் பிள்ளையாக இருந்தது. எளிதில் கிடைக்கும்; சிறு தொட்டியில் வாழும்; ஆண்டுக்கொருமுறை தெளிவான பருவத்தில் சினை கொள்ளும். சுந்தரராஜ் தில்லிப் பல்கலைக்கழகத்தில் எஸ்.வி. கோஸ்வாமியுடன் செய்த ஆய்வுகள், முட்டையின் இறுதி முதிர்ச்சியில் ஸ்டீராய்டு ஹார்மோன்களின் பங்கைத் தேளியைக் கொண்டே விளக்கின. பகலின் நீளமும் வெப்பநிலையும் சினைப் பருவத்தை எவ்வாறு இயக்குகின்றன என்பதும் இம்மீனிலேயே அறியப்பட்டது. மீன் இனப்பெருக்க உடலியலில் உலகம் மேற்கோள் காட்டும் இந்திய ஆய்வுகளில் கணிசமானவை இந்த முள்மீனின் கொடை.

வளர்ச்சி பற்றிய ஆய்வில் உடுமலைக் குளங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு முடிவு உண்டு. அருணாசலம், விவேகானந்தன், டி.ஜெ. பாண்டியன் ஆகியோர் 1976-இல் வெளியிட்ட கட்டுரை, தேளியின் இரை உட்கொள்ளலையும் நீச்சல் செயற்பாட்டையும் அளந்தது. காற்றுக்காக மேற்பரப்புக்கு வந்து செல்லும் மீனுக்கு ஆழம் ஒரு செலவு. நீர் ஆழமாக ஆக, ஒவ்வொரு மூச்சுக்கும் கடக்க வேண்டிய தொலைவு கூடுகிறது. உண்டதில் ஒரு பங்கு தசையாகாமல் நீந்துவதிலேயே கழிகிறது. காற்றுச் சுவாச மீன்களுக்கு ஆழமற்ற நீரே வளர்ச்சிக்கு உகந்தது என்னும் இவ்விளக்கத்தை அணைக்கும் குளத்துக்கும் பொருத்திப் பார்த்தால், திருமூர்த்திக்கு ஏற்ற மீன் செங்குளத்துக்கும் ஏற்றது என்ற எடுகோள் தளர்கிறது. கெண்டைக்கு ஆழமின்மை குறை. தேளிக்கு அதுவே வாய்ப்பு. அணையை மனத்தில் கொண்டு வகுத்த குஞ்சுப் பட்டியலைக் குளத்துக்கும் நீட்டியதில் இவ்வேறுபாடு கவனம் பெறவில்லை.

பாண்டியன் பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வுகள் வளர்ச்சி ஹார்மோனின் மரபணுவையே தேளிக்குள் செலுத்தும் அளவுக்குச் சென்றன. ஷீலா, பாண்டியன், மாதவன் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட கட்டுரை, மின்துடிப்பு முறையால் வேற்று மீன்களின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைத் தேளியின் முட்டைகளுக்குள் ஏற்றியதையும், அது அடுத்த தலைமுறைக்கும் சென்றதையும் விவரிக்கிறது. அம்மீன்கள் இயல்பான மீன்களைவிட விரைவாக வளர்ந்தன. அவை ஆய்வகத்தை விட்டு வெளியேறவில்லை, வெளியேறியிருக்கவும் கூடாது. எனினும் தேளி மெதுவாக வளரும் மீன் என்ற குறையைத் தமிழக அறிவியல் எவ்வளவு அக்கறையுடன் எடுத்துக்கொண்டது என்பதற்கு அது சான்று.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் எம்.ஏ. ஹனிபாவும் அவருடைய மாணவர்களும் வேறு வழியை மேற்கொண்டனர். விரால், தேளி, மலைக்கெளுத்தி போன்ற உள்ளூர் மீன்களை ஊசியால் இனப்பெருக்கி, குஞ்சுகளின் தொடக்க வளர்ச்சியைப் பதிவு செய்தனர். 2002-இல் ஹனிபாவும் ஸ்ரீதரும் வெளியிட்ட ஆய்வு, மனிதக் கருவெளியுறை ஹார்மோனையும் ஓவாப்ரிம் என்ற செயற்கை ஹார்மோனையும் புள்ளி விராலிலும் தேளியிலும் ஒப்பிட்டது. நாட்டுக் கெளுத்தியைப் பெருக்கும் நுட்பம் தமிழகத்தில் இல்லாமல் இல்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

செயற்கை ஹார்மோனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்

ஓவாப்ரிமின் வருகை தனி வரலாறு. 1971-இல் பாலூட்டிகளின் மூளையிலிருந்து இனப்பெருக்க விடுவிப்பு ஹார்மோன் பிரித்தறியப்பட்டது. அவ்வகைப் பணிக்காகக் கில்லிமனும் ஷாலியும் 1977-இல் நோபல் பரிசு பெற்றனர். அதை மீனுக்குச் செலுத்தியபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. கனடாவின் ஆல்பர்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பீட்டர் காரணத்தைக் கண்டறிந்தார். மீனின் மூளையில் சுரக்கும் டோபமைன், பிட்யூட்டரிக்குக் கட்டிய கடிவாளமாக இருக்கிறது. அக்கடிவாளத்தைத் தளர்த்தும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் சிறிதளவு ஹார்மோனே போதும். சீனாவின் லின் ஹௌரானுடன் சேர்ந்து அவர் வகுத்த முறை, இருவர் பெயரையும் இணைத்து லின்பே எனப்பட்டது. ஒரு மில்லிலிட்டரில் 20 மைக்ரோகிராம் ஹார்மோன் ஒப்புமமும் 10 மில்லிகிராம் டோம்பெரிடோனும் கொண்ட ஓவாப்ரிம் அதன் வணிக வடிவம். டோம்பெரிடோன் வாந்தியைத் தடுக்க மனிதர் உண்ணும் மாத்திரையில் உள்ள அதே மருந்துதான்.

இனித் தலையைப் பிளந்து சுரப்பி தேட வேண்டியதில்லை. இரண்டு தவணையும் வேண்டியதில்லை. கெண்டைப் பெண்ணுக்குக் கிலோவுக்கு அரை மில்லிலிட்டருக்குள் ஒரே ஊசி. இந்தியாவில் ஓவாடைடு முதலிய உள்நாட்டுத் தயாரிப்புகளும் தொடர்ந்தன. ஊசி அரசுப் பண்ணையிலிருந்து தனியார் கொட்டகைக்கு இடம்பெயர்ந்தது இக்கட்டத்தில்தான். அதன் விளைவு எல்லாம் நன்மையாக அமையவில்லை.

கிளாரியஸ் கேரிபினஸ் என்னும் ஆப்பிரிக்கக் கெளுத்தி, தென்னாப்பிரிக்காவின் காரிப் ஆற்றிலிருந்து 1822-இல் பர்செல் விவரித்த மீன். 1970களில் நடு ஆப்பிரிக்க நாடுகளிலும் நெதர்லாந்திலும் அதன் ஊசிவழி இனப்பெருக்கமும் குஞ்சு வளர்ப்பும் செம்மைப்படுத்தப்பட்டன. மசறையைப் போலவே இதற்கும் ஆணைக் கொல்ல வேண்டும். ஆனால் ஒரு கிலோ பெண்ணிடமிருந்து 60,000-க்கும் மேற்பட்ட முட்டைகள் கிடைப்பதால் அச்செலவு பொருட்டாகாது. மசறை ஓராண்டில் 100 அல்லது 150 கிராம் எட்டும்போது இது சில மாதங்களிலேயே ஒரு கிலோவை நெருங்கும். எதையும் உண்ணும், உடன்பிறந்த குஞ்சுகளையும் உண்ணும். ஆசிய நாடுகள் வழியாக வங்கதேசத்தை அடைந்து, 1990களின் தொடக்கத்தில் முறையான அனுமதியின்றி மேற்கு வங்கத்துக்குள் வந்து, அங்கிருந்து தெற்கே பரவியது.

நடுவண் அரசு 1997-இல் இதன் வளர்ப்பைத் தடுத்து, இருப்பை அழிக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மீண்டும் வலியுறுத்தியது. தமிழக மாவட்ட ஆட்சியர்கள் பலர் எச்சரிக்கை அறிவிப்புகளை வெளியிட்டதுண்டு. பண்ணைகளில் மீன்கள் குழிதோண்டிப் புதைக்கப்பட்டதும் உண்டு. இருந்தும் இரு நூற்றாண்டுகளுக்கு முன் வேறொரு கண்டத்து ஆற்றில் பெயர் பெற்ற மீன், தேளி என்ற தமிழ்ப் பெயரிலேயே தமிழகச் சந்தையில் விற்கப்படுகிறது. நாட்டு மீனின் பெயரும் அதன் வாடிக்கையாளர்களும் வந்தேறிக்குக் கைமாறியது, நாட்டு மீன் குஞ்சாகக் கிடைக்காததன் நேர் விளைவு. தடையாணைகள் விற்பவரைத் துரத்தின. வாங்குபவர் கேட்ட மீனைத் தருவதற்குப் பண்ணை எதுவும் திறக்கப்படவில்லை.

கொங்கு வட்டாரத்தில் இதற்கு மற்றொரு சூழலும் துணையானது. உடுமலை, பல்லடம் பகுதிகளில் ஒப்பந்தமுறைக் கறிக்கோழி வளர்ப்பு வேரூன்றி மாநிலமெங்கும் பரவியதால், ஊர்தோறும் கோழிக்கடை பெருகிற்று. குடலும் தலையும் விலையின்றிக் கிடைத்தன. தமிழகத்தில் பிடிபட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திப் பண்ணைகளில் அதுவே பெரும்பாலும் தீவனம். கெண்டை வளர்ப்போன் தவிட்டுக்கும் கடலைப் பிண்ணாக்குக்கும் பணம் எண்ண, கெளுத்தி வளர்ப்போன் கழிவை அகற்றியதற்குக் கூலியும் பெறலாம். இத்தகைய கணக்கின் எதிரில் தடையாணை தனித்து நிற்க முடியாது என்பதை இருபது ஆண்டுப் பட்டறிவு காட்டியுள்ளது.

குளத்தில் எஞ்சியது

இரு வெளிநாட்டுக் கெளுத்திகளை அரசு ஒரேவிதமாக நடத்தவில்லை என்பதும் கருதத்தக்கது. 1990களின் நடுவில் வியட்நாமில் ஊசிவழி இனப்பெருக்கம் கைகூடிய பங்காசியஸ், அதே காலத்தில் வங்கம் வழியாகவே இந்தியா வந்தது. பின்னர் நெறிமுறைகளுடன் அனுமதி பெற்றது. நாட்டு மாகுருக்கு நடுவண் நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் புவனேசுவரத்தில் குஞ்சு உற்பத்தி முறையை வகுத்தது. ஆனால் அது கிழக்கிந்தியச் சந்தையின் மீன். அங்கு நோயாளிக்கு உகந்த உணவென உயர்ந்த விலை உண்டு. கொங்கு நாட்டுச் சந்தையில் அணைக் கட்லாவுக்கும் அமராவதி ஜிலேபிக்கும் உள்ள மதிப்பு தேளிக்கு இல்லை. வளர்ப்பவன் கேட்காததால் பண்ணை விளைவிக்கவில்லை. பண்ணையில் கிடைக்காததால் வளர்ப்பவன் கேட்கவில்லை.

ஏழு குளங்களின் மீன்பாசி உரிமை ஏலத்தில் போகிறது. குத்தகை எடுத்தவர் தளி வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் கெண்டை விரலிகளை விடுகிறார். குத்தகைக் காலம் முடிவதற்குள் அவை கிலோக் கணக்கில் எடை போட வேண்டும். கோடையில் நீர் இறங்கியதும் வலை இழுக்கப்படுகிறது. கட்லாவும் ரோகுவும் தராசுக்குச் செல்கின்றன. அதன் பின் சேற்றில் இறங்கி, முள்ளுக்கு அஞ்சிக் கவனமாகக் கைவிட்டுத் துழாவுபவர்களுக்குச் சில வேளை தேளி அகப்படுகிறது. எவரும் விடாத அம்மீன், அடுத்த மழைக்குக் குளத்தோர வயல்நீரில் தானே சினையிட்டுக் கொள்வதற்காக மீதம் இருந்தது.